கொம்பு அல்ல, சிம்மமுகம்: பேபிமெட்டல் கச்சேரிக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

பேபிமெட்டல் ஜப்பானிய மெட்டல் இசைக்குழு. அதன் கச்சேரியில் இருபது நிமிடம் தாங்காமல் வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்துவிடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்திருப்பார்கள். தப்பான இடத்துக்கு டிக்கெட் எடுத்திருப்பார்கள். யூடியூபில் பார்க்கும்போது மூன்று பெண்கள் சிரித்த முகமாக ஆடுவார்கள், கிட்டாரும் டிரம்ஸும் எங்கோ பின்னால் ஓடும். அரங்குக்குள் நின்றால் நெஞ்சில் வந்து மோதுவது அந்தக் கிட்டாரும் டிரம்ஸும்தான். பக்கத்தில் நிற்பவரின் முழங்கையும் கூடவே வரும். இது தெரிந்து போனால் நல்ல அனுபவம். தெரியாமல் போனால் டிக்கெட் காசும் போய் விலா எலும்பும் வலிக்கும்.

குழுவின் கதை சுருக்கமாக. 2010இல் ஜப்பானில் சகுரா ககுயின் என்ற சிறுமியர் பாடகர் குழுவின் கிளையாகத் தொடங்கியது. கோபாமெட்டல் என்ற பெயரில் இயங்கும் தயாரிப்பாளர் உருவாக்கியது. நடுவில் நின்று பாடுபவர் சூ-மெட்டல். இரு பக்கமும் மோவாமெட்டல், மோமோமெட்டல். தொடக்கத்தில் இருந்த யூய்மெட்டல் 2018இல் விலகினார். மோமோமெட்டல் 2023 ஏப்ரலில் முறைப்படி சேர்ந்தார். நடனம் அமைப்பவர் மிகிகோ. 2014 மார்ச்சில் டோக்கியோ புடோகான், 2016 செப்டம்பரில் டோக்கியோ டோம், 2025 மே மாதம் லண்டன் ஓ2 அரங்கம் என்று மேடை பெரிதாகிக்கொண்டே வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் முதல் பத்துக்குள் நுழைந்தது.

இந்த வரலாற்றில் நமக்கு வேண்டியது ஒரே விஷயம். இளம் பாடகியர் ஆடிப் பாடும் ஜப்பானிய ஐடல் பாப்பின் ரசிகர்களும், கனத்த கிட்டாரும் வேக டிரம்ஸும் முழங்கும் மெட்டலின் ரசிகர்களும் ஒரே கூடத்தில் நிற்கிறார்கள். ஐடல் ரசிகர்களுக்கு ஒவ்வொரு பாட்டிலும் எந்தத் தட்டில் என்ன கத்த வேண்டும் என்று மனப்பாடம். மெட்டல் ரசிகர்களுக்குப் பாட்டின் எந்த இடத்தில் நடுவே வட்டமாக இடம் விட்டுச் சுற்றி ஓட வேண்டும் என்று தெரியும். பேபிமெட்டல் கூட்டம் இரண்டையும் செய்யும். வெளியிலிருந்து பார்த்தால் கலவரம்போலத் தெரியும், உள்ளே எல்லாவற்றுக்கும் முறை உண்டு. தேர் இழுக்கிற கூட்டத்தில் நின்று பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபட்டுவிடும்.

டிக்கெட்

ஜப்பானில் பார்ப்பதாக வைத்துக்கொண்டே சொல்கிறோம். அங்கே முந்துபவருக்கு டிக்கெட் என்ற கணக்கு பெரும்பாலும் கிடையாது. குலுக்கல்தான். முதல் சுற்று 'தி ஒன்' என்ற அதிகாரபூர்வ ரசிகர் மன்றத்து உறுப்பினர்களுக்கு. மிஞ்சுவது இ-பிளஸ், லாசன் டிக்கெட், டிக்கெட் பியா போன்ற விற்பனைத் தளங்களில் அடுத்தடுத்த குலுக்கல்களாக வரும். விண்ணப்பக் காலம் முடியும்வரை எப்போது விண்ணப்பித்தாலும் வாய்ப்பு ஒன்றுதான். நள்ளிரவில் விழித்திருந்து பொத்தானை அழுத்த வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் இடறி விழும் கற்கள் மூன்று. ஒன்று, பல தளங்கள் ஜப்பான் கைபேசி எண்ணைக் கேட்கும், குறுஞ்செய்தி அந்த எண்ணுக்குத்தான் வரும். இரண்டு, குலுக்கலில் பெயர் வந்த பிறகு குறித்த கெடுவுக்குள் பணம் கட்டாவிட்டால் டிக்கெட் தானாக ரத்தாகும். பக்கத்து கன்வீனியன்ஸ் கடையில் ரொக்கமாகக் கட்டும் வசதி உண்டு. ஆனால் கெடு இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். மூன்று, டிக்கெட் உங்கள் பெயரில் இருக்கும், வாசலில் பாஸ்போர்ட்டைக் கேட்கலாம். விண்ணப்பிக்கும்போதே முகப்படம் ஏற்றச் சொல்லும் நிகழ்ச்சிகளும் உண்டு. ஆகவே யாரோ ஒருவரிடம் கூடுதல் விலைக்கு வாங்கி உள்ளே போய்விடலாம் என்ற நினைப்பே வேண்டாம். 2019 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, மறுவிற்பனை தடை செய்யப்பட்ட டிக்கெட்டை லாபத்துக்கு விற்பது குற்றம். ஓராண்டு வரை சிறை, பத்து லட்சம் யென் வரை அபராதம். போக முடியாதவர்கள் தங்கள் டிக்கெட்டை அசல் விலைக்கே திருப்பி விற்க அதிகாரபூர்வ வழி பல நிகழ்ச்சிகளில் இருக்கும். கச்சேரிக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு அங்கே போய்ப் பாருங்கள்.

எங்கே நிற்பது

விண்ணப்பிக்கும்போதே நின்றுபார்க்கும் பகுதியா, இருக்கையா என்று தேர்வு கேட்கும். பேபிமெட்டல் கச்சேரிகளில் மேடைக்கு முன்னால் உள்ள நின்றுபார்க்கும் பகுதிக்கு மோஷ் பிட் என்றே பெயர். மெட்டல் கச்சேரியில் கூட்டம் ஓடியும் இடித்தும் ஆடும் இடத்துக்கு அந்தப் பெயர், சுருக்கமாகப் பிட். அதை அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம்.

முதல்முறை போகிறவர்களுக்கு எங்கள் யோசனை: இருக்கை கிடைத்தால் இருக்கை. நடனம் முழுசாகத் தெரிவது மேலே இருந்துதான். மிகிகோவின் அமைப்பில் மூவரும் மாறி மாறி இடம் பிடிக்கும் அழகு, தரையில் முன்வரிசையில் நின்றால் கைகளுக்கும் தலைகளுக்கும் நடுவே துண்டு துண்டாகத்தான் தெரியும். கூட்டத்தின் ஆட்டமும் மேலிருந்து பார்க்கத் தனிக் காட்சி. இருக்கை என்றாலும் யாரும் உட்கார மாட்டார்கள். நாற்காலி பை வைக்கத்தான்.

கீழேதான் நிற்பேன் என்றால், ஒலிக் கலவை மேசை இருக்கும் இடத்தைத் தேடுங்கள். கூடத்தின் நடுவிலோ சற்றுப் பின்னாலோ கம்பித் தடுப்பு போட்டு ஒரு சிறு மேடையில் இருக்கும். ஒலிப்பொறியாளர் தன் காதுக்குச் சரியாகக் கேட்கும்படிதான் எல்லாவற்றையும் கலக்கிறார், ஆகவே அவருக்கு முன்னால் பத்தடியில் நிற்பவருக்கும் அதே ஒலி. இதற்கு நேர்மாறு, மேடையை ஒட்டிய இரு மூலைகள். தாழ்ஒலிப் பெட்டிகள் மேடைக்கு அடியில் இருக்கும். குரலை எறியும் பெட்டிகளோ உயரத்தில் தொங்கி உங்கள் தலைக்கு மேலே தாண்டிப் பின்வரிசைக்குப் போகும். முதல் வரிசையில் நின்றவர்கள் சூ-மெட்டலின் குரலே கேட்கவில்லை என்று குறைப்படுவது இதனால்தான்.

பிட் உருவாகும் இடமும் ஓரளவு கணிக்கக் கூடியதே. மேடைத் தடுப்பை ஒட்டி நெருக்கம் இருக்கும், ஓட்டம் இருக்காது. அதற்குப் பின்னால், நடுவில்தான் வட்டம் திறக்கும். இரு பக்கச் சுவரோரமும் பின்பகுதியும் அமைதி. சில கச்சேரிகளில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் தனிப் பகுதி ஒதுக்குகிறார்கள். தேவைப்படுகிறவர்கள் விண்ணப்பத்திலேயே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வாசலில் மாற்றித் தர மாட்டார்கள்.

என்ன கொண்டுபோவது

கொஞ்சமாக. முதுகுப் பையோடு பிட்டுக்குள் போனால் பின்னால் நிற்பவரின் முகத்தில் அது இடித்துக்கொண்டே இருக்கும். பையைக் காசு போட்டுத் திறக்கும் லாக்கரில் வைத்துவிடுங்கள். கூடத்தில் உள்ள லாக்கர்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், ஆகவே வரும் வழியில் ரயில் நிலையத்திலேயே வைப்பது புத்திசாலித்தனம். நூறு யென் நாணயம் ஏழெட்டு கையில் இருக்கட்டும். எல்லா லாக்கரும் அட்டையை ஏற்காது.

காலில் கட்டுக்கயிறு உள்ள மூடிய ஷூ. முடிச்சை இரட்டையாகப் போட்டு நுனிகளை உள்ளே செருகிவிடுங்கள். செருப்பு, சாண்டல் கூடவே கூடாது. கண்ணாடி அணிபவர்கள் பின்னால் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மூன்றாவது பாட்டில் கண்ணாடி காலடியில் கிடக்கும். கைபேசி ஜிப் வைத்த பையில். தொங்கும் தோடு, கழுத்துச் சங்கிலி எல்லாம் அறையிலேயே. உடை கறுப்பு என்பது எழுதப்படாத வழக்கம். பருத்தி டீ-ஷர்ட் ஒன்று உடம்பில், மாற்று ஒன்று லாக்கரில். கச்சேரி முடிந்து வெளியே வரும்போது போட்டிருக்கும் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். ஜனவரியில் அந்த ஈரத்தோடு நடைமேடையில் ரயிலுக்கு நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு துண்டு அவசியம். வியர்வை துடைக்க மட்டும் அல்ல. எதற்கு என்று கீழே வருகிறது. குழுவின் பெயர் போட்ட துண்டுதான் வேண்டும் என்றால் மதியமே போய் விற்பனை வரிசையில் நில்லுங்கள். மாலையில் போனால் உங்கள் அளவு டீ-ஷர்ட் தீர்ந்திருக்கும்.

சாப்பாடு இரண்டு மணி நேரத்துக்கு முன். வயிறு நிறைய ராமென் குடித்துவிட்டுக் குதிக்க முடியாது. ஓனிகிரி என்ற சோற்று உருண்டை இரண்டு போதும். தண்ணீரை மதியத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவாருங்கள், உள்ளே போகும் முன் ஒரே மூச்சில் குடித்தால் கழிவறைக்குப் போக வழி கிடைக்காது. வழி கிடைத்தாலும் திரும்பும்போது உங்கள் இடம் இருக்காது.

காது

இந்த ஒரு பத்தியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம். மெட்டல் கச்சேரியில் ஒலி 100 டெசிபெலைத் தாண்டுவது சாதாரணம். பணியிடப் பாதுகாப்புக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வகுத்த கணக்கில் 85 டெசிபெலை எட்டு மணி நேரம் தாங்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெலுக்கு வந்தால் மிஞ்சுவது 15 நிமிடம். கச்சேரியோ ஒன்றரை மணி நேரம். இசைக்கென்றே வரும் வடிகட்டி வைத்த காதடைப்பான் 15 முதல் 20 டெசிபெல் வரை குறைக்கும், குரல் தெளிவு கெடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் மெத்தை அடைப்பானும் காதைக் காக்கும், ஆனால் கிட்டாரின் மேல்ஒலிகளை விழுங்கி எல்லாவற்றையும் போர்வைக்குள் கேட்பதுபோல் ஆக்கிவிடும்.

மெத்தை அடைப்பானைப் பாதிப் பேர் தப்பாகத்தான் போடுகிறார்கள். அதை விரல்களுக்கு இடையே உருட்டி, மடிப்பு இல்லாமல் மெல்லிய குச்சிபோல் ஆக்க வேண்டும். எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்தால் துளை நேராகும். உள்ளே செருகி, விரல் நுனியால் அரை நிமிடம் அழுத்திப் பிடித்திருங்கள், அது உள்ளேயே விரியட்டும். சரியாக உட்கார்ந்தால் உங்கள் குரல் தலைக்குள் முழங்கும், முன்னாலிருந்து பார்ப்பவருக்கு அடைப்பான் தெரியாது. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கழற்றி மறுபடி உருட்ட வேண்டியதுதான். உள்ளே போகும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். கூட்டத்தில் முழங்கையைத் தூக்கவே இடம் இருக்காது.

வாசலில்

சிறிய, நடுத்தரக் கூடங்களில் டிக்கெட்டில் எழுத்தோடு ஒரு எண் இருக்கும். அது இருக்கை எண் அல்ல, உள்ளே விடும் வரிசை எண். ஊழியர் ஒலிபெருக்கியில் பத்துப் பத்தாகக் கூப்பிடுவார். ஜப்பானிய மொழியில்தான் கூப்பிடுவார், ஆகவே உங்கள் எண்ணை ஜப்பானிய மொழியில் எப்படிச் சொல்வது என்று முதல் நாளே பழகிவைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்பவரிடம் டிக்கெட்டைக் காட்டினாலும் போதும், எங்கே நிற்க வேண்டும் என்று கையைக் காட்டுவார். உங்கள் எண் தாண்டிப்போயிருந்தாலும் விடுவார்கள், முன்னால் நிற்கும் உரிமைதான் போய்விடும். சிறு கூடங்களில் வாசலிலேயே பானத்துக்கென்று 500, 600 யென் தனியாக வாங்கிக்கொண்டு ஒரு சீட்டோ நாணயமோ தருவார்கள். அதைக் கொடுத்துத் தண்ணீர் பாட்டிலாக வாங்கிக்கொள்ளுங்கள். மூடி உள்ள பானம்தான் பிட்டுக்குள் உதவும்.

ஜப்பானில் படம் பிடிப்பதும் ஒலிப்பதிவும் முழுத் தடை. கைபேசியைத் தூக்கினால் ஊழியர் கூட்டத்துக்குள்ளேயே வந்து நிறுத்துவார். ஒன்றரை மணி நேரம் உங்கள் முன்னால் ஒளிரும் திரை ஒன்றுகூட இருக்காது என்பது இந்தத் தடையின் நல்ல பக்கம். அதன் அருமை அங்கே நின்றால்தான் தெரியும்.

நேரம் கறாரானது. ஆறரை என்றால் ஆறரைக்கு விளக்கு அணைந்துவிடும்.

நரி

எல்லாருடைய கையிலும் ஒரு முத்திரை நிற்கும். மெட்டல் உலகில் வழக்கமான கொம்புச் சின்னத்தில் கட்டைவிரல் நடுவிரலையும் மோதிரவிரலையும் மடக்கிப் பிடித்திருக்கும். பேபிமெட்டலில் அந்த மூன்று விரல் நுனிகளும் முன்னால் கூடி நரியின் மூக்காகும், ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும் காதுகளாக நிமிர்ந்து நிற்கும். பரதம் படித்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை, இது சிம்மமுகம். தொடக்க நாளில் கொம்புச் சின்னத்தைப் பார்த்த சிறுமிகள் அதை நிழல் விளையாட்டு நரி என்று நினைத்துச் செய்ததில் பிறந்தது. ஜப்பானில் நரி இனாரி தெய்வத்தின் தூதர், அதனால் குழுவே நரித் தெய்வத்தின் ஆணைப்படி நடக்கிறது என்று ஒரு புராணம் பின்னிவிட்டார்கள். கொம்பைக் காட்டினால் யாரும் அடிக்க வரப்போவதில்லை. புதிதாக வந்தவர் என்று தெரியும், அவ்வளவுதான்.

கச்சேரி தொடங்குவதே திரையில் ஓடும் அந்தப் புராணக் கதையோடுதான். அதன் பிறகு பேச்சு கிடையாது. 'எப்படி இருக்கிறீர்கள்' என்று நலம் விசாரிப்பது, பாட்டுக்கு முன்னுரை சொல்வது எதுவும் ஜப்பான் கச்சேரிகளில் எதிர்பார்க்க வேண்டாம். பாட்டுக்குப் பாட்டு இடைவெளி ஒரு இருட்டு, ஒரு மூச்சு. மேடையின் பின்வரிசையில் வாசிப்பவர்களுக்குக் காமி பேண்ட் என்று பெயர், காமி என்றால் தெய்வம். தொடக்க ஆண்டுகளில் வெள்ளை உடை, வெள்ளை பூசிய முகம். மூவரும் உள்ளே போக, இவர்கள் தனியாக வாசிக்கும் மூன்று நான்கு நிமிடம் வரும். கிட்டார், பேஸ், டிரம்ஸ் என்று ஒவ்வொருவராகத் திறமை காட்டுவார்கள். நம்மூர்த் தனி ஆவர்த்தனம் மாதிரி. நம்மூரில் அந்த நேரத்தில் கேண்டீனுக்கு எழுந்து போகிறவர்கள் உண்டு. இங்கே அப்படிச் செய்யாதீர்கள். தண்ணீர் குடிக்க, ஷூ முடிச்சைச் சரிபார்க்க, சுவரோரம் நகர இதுதான் சமயம். ஆனால் கண் மேடையில் இருக்கட்டும்.

பாட்டு எப்படி நடை மாறும் என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் உடம்பு தப்பிக்கும். வரிகளின் பகுதி வேகமாக, டிரம்ஸின் இரு மிதிகளும் விடாமல் உருளும். பல்லவி வந்தால் பாப், எல்லாரும் பாடுவார்கள். நடுவில் திடீரென்று வேகம் பாதியாகி, கனமான தட்டுகளாக விழும் இடம் ஒன்று வரும். தாளம் அதேதான், இரண்டாம் காலத்திலிருந்து முதல் காலத்துக்கு இறங்கியதுபோல். அங்கேதான் கூட்டம் தலையை ஆட்டும். புதியவர்கள் வேகப் பகுதியிலேயே தலையாட்டித் தீர்த்து, இந்த இடம் வரும்போது கழுத்து பிடித்து நிற்பார்கள். பாட்டுகளின் வகையும் நிலையாக இராது. தில்லிக் குழுவான பிளட்டிவுட்டோடு சேர்ந்து செய்த பாட்டில் டோல் மேளம் ஒலிக்கும், ஜெர்மனியின் எலக்ட்ரிக் கால்பாயோடு செய்ததில் டிஸ்கோ, வேறொன்றில் தாய்லாந்து ராப். பாட்டுக்குப் பாட்டு குதிப்பதும் ஆடுவதும் மாறுவதால் ஒரே அசைவில் களைத்துப்போக மாட்டீர்கள்.

கூட்டத்தின் பங்கு

முன்கூட்டியே தெரிந்துவைக்க வேண்டிய பாட்டுகள் சில உண்டு. எல்லாம் எல்லா நாளும் வராது. 2016 டோக்கியோ டோமில் இரண்டு இரவுகளில் ஒரு பாட்டுகூடத் திரும்ப வரவில்லை.

'பா பா யா!!' வந்தால் துண்டு. ஒரு முனையை இறுகப் பிடித்துத் தலைக்கு மேல் சுற்ற வேண்டும். நீளத் துண்டென்றால் பாதியாக மடித்துப் பிடியுங்கள். இல்லாவிட்டால் ஈர நுனி முன்னால் நிற்பவரின் கன்னத்தில் விழும். இந்தப் பாட்டில் உங்கள் கன்னத்திலும் ஒன்று விழத்தான் செய்யும்.

'மெகிட்சுனே' நரிப் பாட்டு. நடுவில் சூ-மெட்டல் எண்ணிக் குதிக்கச் சொல்வார், ஆயிரக்கணக்கான பேர் ஒரே நொடியில் குதிப்பார்கள். குதிக்க விருப்பமில்லாவிட்டாலும் குதியுங்கள். எல்லாரும் எழும்பும்போது நீங்கள் மட்டும் ஊன்றி நின்றால், இறங்குகிறவர்கள் உங்கள் பாதத்தின்மேல் இறங்குவார்கள்.

'கராத்தே' கோஷப் பாட்டு. நடுப்பகுதியில் மூவரும் விழுந்துகிடந்து ஒருவரை ஒருவர் தூக்கிவிடுவதுபோல் ஒரு காட்சி. அங்கே இசை தணியும், கூட்டத்தின் குரல் மேலேறும். வார்த்தை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பழனி மலைப்படியில் 'அரோகரா'வுக்குப் பதில் குரல் கொடுத்தவருக்கு எப்போது வாய் திறக்க வேண்டும் என்று தானே வந்துவிடும்.

'ஹெட்பேங்கர்' என்ற பழைய பாட்டு வந்தால் கூட்டம் மண்டியிட்டுத் தரையை நோக்கித் தலையாட்டும். ஜப்பானியர் மன்னிப்புக் கேட்கும் தொகெசா வணக்கத்தின் கேலி வடிவம் இது. இடம் இருந்தால் மட்டும் குனியுங்கள். முன்னால் நிற்பவரின் இடுப்பு உங்கள் நெற்றியிலிருந்து ஒரு கை தூரத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது சுவர். 'இஜிமே, தமே, செட்டாய்', 'ரோட் ஆஃப் ரெசிஸ்டன்ஸ்' இரண்டும் மெதுவாகத் தொடங்கும். இரண்டாவதில் மூவரும் கொடிகளோடு வருவார்கள். சூ-மெட்டல் இரு கைகளையும் முன்னால் சேர்த்து, திரை விலக்குவதுபோல் மெல்லப் பிரிப்பார். அந்தக் கை அசைவைப் பார்த்ததும் கூட்டம் நடுவே பிளந்து இரு பக்கமும் ஒதுங்கும், தரை வெறிச்சோடிக் கிடக்கும். இதற்கு வால் ஆஃப் டெத், அதாவது மரணச் சுவர் என்று பெயர். டிரம்ஸ் வெடிக்கும்போது இரு பக்கமும் ஓடிவந்து மோதிக் கலக்கும். முதல்முறை போகிறவர் இதில் நிற்கக் கூடாத இடம், பிளவின் விளிம்பு. அங்கே நின்றால் முன்னாலிருந்தும் வருவார்கள், பின்னாலிருந்தும் தள்ளுவார்கள். பிளவு விழத் தொடங்கியதுமே பின்னோக்கி ஐந்தாறு வரிசை தள்ளிப் போய்விடுங்கள். மாட்டிக்கொண்டீர்களா, திரும்பி ஓடாதீர்கள். முதுகில் வாங்கும் இடிதான் ஆளைக் கவிழ்க்கும். முன்னோக்கி, தோளைக் காட்டி, மற்றவர்களோடு சேர்ந்து ஓடிவிடுவதே பாதுகாப்பு.

வட்டம் விட்டு ஓடும்போது எல்லாரும் ஓடும் திசையில்தான் ஓட வேண்டும். பிட்டுக்குள் கைகள் இரண்டும் நெஞ்சுக்கு முன்னால், முஷ்டிகள் மூடி, குத்துச்சண்டைக்காரர் காப்பதுபோல். யாரையும் அடிப்பதற்கு அல்ல, நெஞ்சுக்கு மூச்சுவிட இடம் வைத்துக்கொள்ள. கால்கள் அகன்று, ஒன்று முன்னால் ஒன்று பின்னால். யாராவது விழுந்தால் சுற்றியிருப்பவர்கள் உடனே நின்று கைகளை விரித்து வளையம் போட்டுத் தூக்கிவிடுவார்கள். இது பிட்டின் முதல் சட்டம். நீங்களும் செய்ய வேண்டும். ஒற்றை ஷூ, கண்ணாடி, கைபேசி எது கிடைத்தாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள், உரியவர் பார்த்துக்கொண்டு வருவார். உங்கள் ஷூ கழன்றால் குனியாதீர்கள். பாட்டு முடியட்டும். மற்றவர் தலைமேல் ஏறி மிதந்து போவதை ஜப்பானில் பல கூடங்கள் தடை செய்திருக்கின்றன. மேலே பலகை இருக்கும்.

நெரிசல் ஆபத்தாவதற்கு அடையாளம் எளிது. கைகளை முகத்துக்குக் கொண்டுவர முடியவில்லை, கூட்டம் அலைபோல அசைகிறது, நீங்கள் கால் எடுத்து வைக்காமலே நகர்கிறீர்கள் என்றால் வெளியேறும் நேரம் வந்துவிட்டது. நேராகப் பின்னால் தள்ளிக்கொண்டு போகாதீர்கள், எதிர் விசை அதிகம். அலை முன்னே போய்த் திரும்பும் இடைவெளியில் மூலைவிட்டமாகப் பக்கவாட்டில் நகருங்கள். முன்வரிசையில் இருந்தால் தடுப்புக்கு அப்பால் நிற்கும் காவலரைப் பார்த்துக் கையைத் தூக்கினால் மேலே இழுத்து எடுத்துவிடுவார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நாளொன்றுக்கு எத்தனையோ பேரை எடுக்கிறார்கள்.

கழுத்து

தலையாட்டலை ஆராய்ந்த ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கணக்கு ஒன்று உண்டு. சராசரி வேகம் நிமிடத்துக்கு 146 தட்டு. அந்த வேகத்தில் தலை 75 பாகைக்கு மேல் சாய்ந்தால் தலைவலி, கிறுகிறுப்பு வரலாம். தீர்வு சுலபம்: கழுத்தை மட்டும் ஆட்டாமல் இடுப்பிலிருந்து குனியுங்கள், தலை போகும் தூரத்தைக் குறையுங்கள், வேகப் பாட்டில் ஒன்றுவிட்டு ஒரு தட்டுக்கு ஆட்டுங்கள். உள்ளே போகும் முன் கழுத்தை இரு பக்கமும் மெல்லச் சாய்த்து ஐந்து நிமிடம் தளர்த்திக்கொண்டால் மறுநாள் காலையில் பல் தேய்க்கக் குனிய முடியும்.

வெளிநாட்டில் பார்த்தால்

லண்டன், அமெரிக்கக் கச்சேரிகளில் குலுக்கல் இல்லை, வழக்கமான விற்பனைதான். துணைக் குழுக்கள் முதலில் வாசிக்கும், ஆகவே பேபிமெட்டல் மேடையேற ஒன்பது மணியாகலாம். கைபேசியில் படம் பிடிப்பார்கள். காமி பேண்டில் மேற்கத்தியக் கலைஞர்கள் வாசிப்பார்கள். பிட்டில் ஆட்கள் உயரம், எடை இரண்டிலும் கூடுதல், கூட்டத்தின் தலைமேல் மிதந்து போவதும் அதிகம். ஆகவே தலைக்கு மேலே ஒரு கண் வேண்டும். பெரிய பையை உள்ளே விடாத அரங்குகள் பல. திறந்தவெளி விழாக்களில் என்றால் அவர்களுக்குக் கிடைப்பது நாற்பது, ஐம்பது நிமிடம். புராணக் கதை சுருங்கும், பிரபலப் பாட்டுகள் மட்டும் வரும். முதல் ருசிக்கு அது நல்ல வழி.

முடிந்த பிறகு

காதில் இரைச்சல் கேட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். அதற்குள் இன்னொரு கச்சேரிக்கோ இயர்போனுக்கோ போக வேண்டாம். அதைத் தாண்டியும் இருந்தால், அல்லது ஒரு காது மந்தமாக இருந்தால், காது மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள்.

கடைசிப் பாட்டு முடிந்து மேடை இருண்டதும் ரயிலைப் பிடிக்க ஓடத் தோன்றும். 'இன்னொன்று' என்று கேட்டு அழைத்தால் திரும்பி வருவார்கள் என்றும் தோன்றும். பல நாள் வருவதில்லை. ஆனால் ஜப்பானில் கூட்டம் கலையாமல் திரையையே பார்த்துக்கொண்டு நிற்கும். அடுத்த கச்சேரி எங்கே, எப்போது என்ற அறிவிப்பு பல நேரம் அங்கேதான் வரும். அதற்கான குலுக்கல் விண்ணப்பம் அன்றிரவே திறந்துவிடுவதும் உண்டு. அடுத்த முறை இருக்கையா, பிட்டா என்று ரயிலில் உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளலாம்.